நக்கவாரத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு

அந்தமான் என்றாலே செல்லுலார் சிறைதான் நம் நினைவுக்கு வருகிறது. சிறை எழும்புவதற்கு முன்பிருந்தே அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்கிற மக்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அவர்களில் ஒருவர் நாட்டின் முதல் மக்களவையில் உட்கார்ந்திருந்தார்.

ஜான் ரிச்சர்ட்சன். 1884-இல் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பிறந்தவர். சோழர் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடும் மண் அது. அவருக்கு எழுத்தறிவித்தவர் ஒரு தமிழர், வேதப்பன் சாலமோன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூஸுக்கு வந்து பள்ளி நடத்திய உபதேசியார் அவர். நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய பெயர். அவர்தான் சிறுவனைப் பர்மாவின் மாந்தளைக்குப் படிக்க அனுப்பினார். படித்துத் திரும்பிய ரிச்சர்ட்சன், அதே மூஸில் ஆசிரியரானார். பிள்ளைகளுக்குப் பாடத்தோடு கால்பந்தும் கற்றுக்கொடுத்தார். பைபிளை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார்.

1942-இல் ஜப்பானியப் படை இறங்கியது. விமான ஓடுதளம் அமைக்கத் தீவு மக்களை அடித்து வேலை வாங்கினார்கள். போரின் முடிவில் உளவாளிப் பட்டம் கட்டிப் பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார், வதைபட்டார். மகனைப் பறிகொடுத்தார். ஜப்பான் சரணடைந்ததால் அவர் உயிர் மிஞ்சியது. பிற்பாடு தன் மக்களைத் திரட்டி ஊர்களை மீண்டும் எழுப்பியவரும் அவர்தான். 1950-இல் பேராயரானார்.

1952-இல் குடியரசுத் தலைவர் அவரை மக்களவைக்கு நியமித்தார். தீவு மக்கள் வாக்களித்துத் தங்கள் உறுப்பினரை அனுப்பியது 1967-இல்தான். நியமன உறுப்பினர்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. தேங்காய்க்கும் கொப்பரைக்கும் ஈடாகத் துணியும் அரிசியும் கொடுத்து, கடனில் சிக்கவைக்கும் வணிகர்களைத் தலைமுறைகளாகப் பார்த்த சமூகத்தின் மனிதர் அவர். அங்கே தென்னந்தோப்பு தனியாள் சொத்தன்று. துஹேத் எனப்படும் கூட்டுக் குடும்பத்தின் சொத்து. நிலம் வெளியார் கைக்குப் போனால் குடும்ப அமைப்பே சிதறும்.

அவர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1956-இல், அந்தமான் நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை பிறந்தது. ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக் கூடாது; நிலம் வாங்கக் கூடாது; உரிமம் இல்லாமல் வணிகம் செய்யக் கூடாது. ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பழங்குடியினருக்கான 107-ஆம் உடன்படிக்கையை ஏற்றது அதற்கு அடுத்த ஆண்டுதான். 1958-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை பழங்குடிகளைப் பெருஞ்சமூகத்தில் கரைக்கப் பார்த்தது என்ற விமர்சனம் பின்னர் வந்தது. நம் தீவுச் சட்டமோ முதலில் வேலி கட்டியது. அதுதான் சரி என்பது என் எண்ணம். கிரேட் நிக்கோபாரின் காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள், 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர். வெளியிலிருந்து வரும் ஒரு தொற்றே அவர்களை முடித்துவிடக்கூடும்.

1975-இல் பத்ம பூஷண் பெற்ற ரிச்சர்ட்சன் 1978-இல் மறைந்தார்.

இன்று அந்த வேலி ஆட்டம் காண்கிறது. கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதுநகரம் என்று பெருந்திட்டம். அதற்குச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. 2004 ஆழிப்பேரலையில் ஊரிழந்து முகாமுக்கு வந்த நிக்கோபாரிகள் இன்னமும் தங்கள் பழைய கரைக்குத் திரும்பக் கேட்கிறார்கள். திட்டத்துக்குள் அந்தக் கரைகளும் வருகின்றன என்பது தெரிந்ததும், 2022 நவம்பரில், தான் கொடுத்த ஒப்புதலை அவர்களின் பழங்குடியினர் மன்றம் எழுத்து மூலமாகவே திரும்பப் பெற்றது. அந்தக் கடிதத்தை டெல்லி மதிக்க வேண்டும்.