மதுரைக் கண்களிடம் கற்ற இயந்திரம்

ஈப்போ நகரை ஒட்டிய சிலிபின் வட்டாரத்தில், பால்மரத் தோட்டங்களில் உழைத்துவிட்டு முதுமையில் பட்டணம் வந்து சேர்ந்தோர் பலர் உளர். அவர்களுள் ஒருவர், “கண்ணில் வலியே இல்லையே, பிறகு எதற்கு ஆஸ்பத்திரி?” என்று என்னிடம் கேட்டார். அவருக்கு இருபது ஆண்டுகளாக இனிப்பு நீர். நாளிதழின் எழுத்துகள் மங்கத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது.

நீரிழிவு கண்ணைக் கெடுக்கும் விதம் அத்தகையது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களைப் பழுதாக்கும், குருதி கசியும், எனினும் தொடக்கத்தில் வலியோ பார்வைக் குறையோ தோன்றாது. காலத்தே கண்டறிந்தால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காக்கலாம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர் எனக் கண்டது. மூவினத்தாருள் இந்தியரிடையேதான் அது மிகுதி. ஆதலின், இங்கு யான் கூறப்புகும் மதுரை வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

1976இல், அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் திருகிப்போன விரல்களைக் கொண்டே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு ஏழையர்க்கு இலவச மருத்துவம் என்பது அவர் வகுத்த வழி. நோயாளி வரட்டும் எனக் காத்திராது, ஊர் ஊராகச் சென்று முகாம் நடத்தினர்.

பிற்காலத்தில் கூகிள் நிறுவன ஆய்வாளர், விழித்திரைப் படங்களைக் கண்டு நோயறியச் செயற்கை நுண்ணறிவுக்குக் கற்பிக்க முனைந்தனர். அமெரிக்கத் திரட்டு ஒன்றிலிருந்தும், அரவிந்த் உள்ளிட்ட மூன்று இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் 128,175 படங்கள் திரண்டன. ஒவ்வொரு படமும் மூன்று முதல் ஏழு முறை மருத்துவரால் மதிப்பிடப்பெற்றது. அப்பணியில் ஈடுபட்டோர் 54 பேர். விதியைக் கூறாமல் எடுத்துக்காட்டுகளை மட்டுமே அடுக்கிக் காட்டி மாணவனுக்குப் புணர்ச்சி இலக்கணம் புகட்டுவதை ஒத்தது இம்முறை. (நம் வகுப்புகளில் இதைச் செய்து பார்த்தவர்க்கு எத்தனை எடுத்துக்காட்டு வேண்டும் என்பது தெரியும்.) மருத்துவர்க்கு நிகராக இயந்திரமும் படம் படிக்கிறது என்ற முடிவு 2016இல் வெளியாயிற்று. 2019இல் மதுரையில் அது நோயாளிகளுக்குப் பயன்படலாயிற்று.

இயந்திரத்தைப் புகழ்வோர் அதற்கு முன் நாற்பதாண்டுகள் நடந்த தொண்டை மறந்துவிடுகின்றனர். தாய்லாந்தில் இதே கருவி 11 மருத்துவ நிலையங்களில் வைக்கப்பட்டபோது நேர்ந்ததை, 2020இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. முதல் ஆறு திங்களில் எடுத்த 1,838 படங்களுள் 21 விழுக்காட்டைத் தெளிவில்லையென அது தள்ளிவிட்டது. பெரும்பாலான நிலையங்களில் படமெடுப்பதற்கு ஏற்ற இருட்டறை இல்லை. இணையமும் மெதுவாகவே இயங்கிற்று. கூலி வேலையை விட்டு வந்தவர்கள், மீண்டும் ஒருநாள் பெரிய மருத்துவமனைக்கு அலைய வேண்டியதாயிற்று.

நம் அரசாங்கச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் விழித்திரைக் கேமரா உண்டு. சிலிபின் பெரியவரும் பேத்தியின் வற்புறுத்தலுக்கு இணங்கிச் சென்றார். அவர் படத்தைப் படித்தவர் மருத்துவரே, இயந்திரம் அன்று. வலக்கண் தப்பியது.