கொம்பு ஊதினால் வருவது யார்?

கூடலூரில் அம்மா தனியாக இருக்கிறார். நீலகிரிக் கூடலூர் இல்லை. கம்பத்தைத் தாண்டி, குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற கூடலூர். போன ஆடியில், இரண்டு தெரு தள்ளிப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் கதவை நெம்பி நகையை எடுத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத்தான் தூக்கம் போயிற்று, அம்மாவுக்குப் போகவில்லை. சென்னையில் இருந்தபடியே ஓர் அலாரம் பெட்டி வாங்கினேன். இரண்டு அசைவு சென்சார், ஒரு கண்ணாடி உடைப்பு சென்சார், கதவுக்குக் காந்த சுவிட்ச், ஒரு சைரன். தீபாவளி லீவில் போய் நானே மாட்டினேன். மாட்டி முடித்ததும் அம்மா கேட்ட ஒரு கேள்வி என்னை 1896க்குக் கொண்டுபோய் விட்டது.

முதலில் மாட்டிய கதை. அசைவு சென்சார் உண்மையில் சூட்டைத்தான் பார்க்கிறது. உள்ளே அருகருகே இரண்டு உணர்பட்டைகள் இருக்கும். ஆள் குறுக்கே நடந்தால் அவர் உடம்புச் சூடு முதலில் ஒன்றிலும் அப்புறம் மற்றதிலும் விழும். அந்த வித்தியாசம்தான் அதற்குத் தெரியும். நேராக அதை நோக்கியே நடந்து வந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக விழும், கண்டுபிடிக்கத் தாமதமாகும். நான் வாசலுக்கு நேர் எதிரே மாட்டியது தப்பு. வருகிறவர் குறுக்கே கடக்கிற மாதிரி, ஹாலின் மூலையில், ஏழு ஏழரை அடி உயரத்தில் மாட்ட வேண்டும். மேற்கு ஜன்னலைப் பார்த்தும் வைக்கக் கூடாது. வெயிலில் காய்ந்த திரை, கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்றில் ஆடினால், அதன் கணக்கில் அதுவும் ஓர் ஆள்தான். சித்திரையில் சுவரே உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் நிஜ ஆளே மங்கலாகிவிடுவார்.

கண்ணாடி சென்சாருக்குக் காது மட்டும்தான். அடி விழும்போது கண்ணாடி வளைகிற 'தொம்', உடனே சிதறுகிற 'சலீர்'. இரண்டும் அடுத்தடுத்து வந்தால்தான் நம்பும். கண்ணாடிக்கு எதிரே, சுமார் இருபது அடிக்குள் வைக்க வேண்டும். கனத்த திரை இருந்தால் ஓசை அமுங்கிவிடும். அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் எவர்சில்வர் தட்டு விழுந்தாலும் கத்தலாம். எல்லாம் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், எங்கள் வீட்டு ஜன்னல் பூராவும் இரும்புக் கம்பி! கண்ணாடியை உடைத்து உள்ளே குதிப்பது கம்பியில்லாத ஊர்த் திருடனின் வேலை. நம்மூரில் வருகிறவன் கதவைத்தான் நெம்புகிறான். நூறு ரூபாய்க் காந்த சுவிட்ச் செய்யும் வேலையை அது செய்யாது. டப்பாவிலேயே திருப்பி வைத்தேன். தண்டச் செலவு.

அப்புறம் சைரனைச் சோதித்தேன். ஒரு முழு நிமிடம், காது கிழிகிற சத்தம். ஒரு நாய் குரைத்தது. எதிர்வீட்டு அத்தை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, காருலயா சத்தம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா சொன்னார்: "அது கத்தும்யா. கத்துனா யாரு வருவா?"

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய பதில் உண்டு. அப்போது கூடலூரும் திண்டுக்கல்லும் ஒரே மதுரை மாவட்டம். ஊர்க்காவல் என்பது சம்பள வேலையாக இல்லாமல் ஓர் உரிமையாக இருந்தது; பல ஊர்களில் அது கள்ளர் சமூகத்தார் கையில் இருந்தது. விளைச்சலில் காவல்காரருக்குப் பங்கு. திருட்டுப் போனால் அவர் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். எங்கள் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது காவல்காரருக்கு அளந்த பிறகுதான் வீட்டுக்கு அளப்பாராம், அம்மா பார்த்திருக்கிறார். இதன் மறுபக்கம் துப்புக்கூலி: காணாமல் போன மாடு எங்கே என்று துப்புச் சொல்வதற்கு வாங்கும் பணம். காவலும் மிரட்டலும் ஒரே கைக்கு வந்துவிட்டன என்று ஆங்கிலேயர் பதிவுகள் சொல்கின்றன. அவை அதிகாரிகளும் நிலக்காரர்களும் சொல்லி எழுதியவை என்பதையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

1896இல் திண்டுக்கல் பக்கம் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் கூடி, இனிக் கள்ளர் காவல் வேண்டாம் என்று ஏர் மேல் சத்தியம் செய்தார்கள். மாடு போனவர்களுக்கும் வீடு எரிந்தவர்களுக்கும் ஈடு கொடுக்க ஒரு நிதி சேர்த்தார்கள். ஆங்கில 'ஃபண்ட்' மக்கள் வாயில் 'பண்டு' ஆயிற்று. இரவு ரோந்துக்குத் தங்களுக்குள்ளேயே ஆள் போட்டார்கள். திருட்டு நடந்தால் கொம்பு ஊத வேண்டும். அதைக் கேட்டு அடுத்த ஊர், அப்புறம் அதற்கடுத்த ஊர். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: கொம்புச் சத்தம் கேட்டும் வெளியே வராதவர்களுக்கு அபராதம் வைத்திருந்தார்கள். ஆறு மாதம் திருட்டே இல்லை, வாளியைக்கூடக் கிணற்றடியிலேயே விட்டுப் போனார்கள் என்று ஒருவர் சொன்னது தர்ஸ்டனின் 1909 தொகுப்பில் இருக்கிறது.

மின்சாரத் திருட்டு அலாரத்துக்கு 1853இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் காப்புரிமை வாங்கினார். அதை வாங்கி வியாபாரமாக்கிய எட்வின் ஹோம்ஸ், பின்னால் வீடுகளின் கம்பிகளை ஒரு மைய அறைக்கு இழுத்து, அங்கே ஆளை உட்கார வைத்தார். மணி அடித்தால் போகக் கடமைப்பட்ட ஆள். நான் வாங்கிய பெட்டியில் அந்த ஆளைத்தான் காணோம்.

கொம்பு முறையை மெச்சி இதோடு முடித்துவிடலாம்தான், ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை. பல கள்ளர் குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டே போக வேண்டியிருந்தது. ஓர் ஊரில் மூன்று கொலை நடந்தது, கள்ளர் தெருவே எரிந்தது. ஒருவன் செய்த திருட்டுக்கு ஒரு தெருவே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு அரசாங்கம் அதையே சட்டமாக்கியது. 1911ஆம் ஆண்டின் குற்றப்பழங்குடிகள் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் கைரேகை வைத்து, இரவில் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். அதை எதிர்த்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல்தான்.

எங்கள் ஊர்க்காரர்கள் சித்திரைப் பௌர்ணமிக்கு மங்கலதேவி மலை ஏறுவது யாரைக் கும்பிட? திருடன் என்று தப்பாகப் பிடித்துக் கொல்லப்பட்டவனின் மனைவியைத்தான். ரோந்து, கொம்பு என்றெல்லாம் படிக்கும்போது எனக்கு அந்த மலைதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் நான்கு வீடுகளுக்குப் போய்ப் பேசினேன். அலாரம் அடித்தால் இப்போது அந்த நான்கு போனுக்கும் தகவல் போகும். எதிர்வீட்டு அத்தை, "ராத்திரி எனக்குக் கண்ணு தெரியாது, ஆனா சத்தம் போடுவேன்" என்றார். பதிலுக்கு அவர்கள் ஊருக்குப் போகும்போது அம்மா அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்வார். அபராதம் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த வாரமே ஒரு பூனை அலாரத்தை அடிக்க வைத்துவிட்டது. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்களாம்.

கண்ணாடி சென்சார் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது. கம்பியில்லாத ஜன்னல் வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.