தோட்டமும் கடைவீதியும்: மலையக நகரங்களில் நடப்போரின் உரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கடையும் குடியிருப்பும் ஒரே வீதியில் அமையவும், அவ்வீதியில் வாகனத்தைவிட நடந்து செல்பவனுக்கு முதன்மை கிடைக்கவும் வழிசெய்யும் விதிகள் இன்றைய நகரத் திட்டமிடலில் பெரிதும் பேசப்படுகின்றன. கீழ்த்தளத்தில் வணிகம், மேல்தளத்தில் வசிப்பிடம், வீதியை ஒட்டிய கடைமுகப்பு, அகன்ற நடைபாதை, மட்டுப்படுத்தப்பட்ட வாகனத் தரிப்பிடம் என்பன இவற்றின் முக்கிய கூறுகள். இவ்விதிகளை மலையக நகரங்களுக்குப் பொருத்திப் பார்க்க முனையும்போது, அவ்வீதிகளில் நடப்பவர்கள் யார், அவ்வீதியை ஆளும் சபையில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்ற வினாக்கள் முதலில் எழுகின்றன. இவற்றுக்கான விடையை வரலாற்றிலேயே தேடவேண்டியுள்ளது.

நிலப் பயன்பாட்டைச் சட்டத்தாற் பிரிக்கும் வலயமாக்கல் முறை 1916இல் நியூயோர்க் நகரில் விரிவான விதியாக உருப்பெற்றது. 1926இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் யூக்ளிட் வழக்கில் அம்முறையை ஏற்றுக்கொண்டது. குடியிருப்பிலிருந்து வணிகத்தையும் தொழிற்சாலையையும் விலக்கிவைத்த இம்முறை சுகாதாரத்தின் பெயரால் நியாயப்படுத்தப்பட்டபோதும், சொத்தின் பெறுமதியைக் காப்பதும் அதன் நோக்கமாயிருந்தது. இவ்வாறு பிரிக்கப்பட்ட நகரம் உயிரற்றுப் போகும் என்பதை 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் வலியுறுத்தினார். ஆயின் எமது மலையகத்தில் வலயச் சட்டம் எதுவும் தோன்றுவதற்கு முன்னரே, தோட்ட முதலாளித்துவம் அதைவிடக் கடுமையான ஒரு பிரிவினையை நிலத்தில் வரைந்துவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின் தேயிலை மலைச்சரிவுகளை மூடிப் பரவியது. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. ஒவ்வொரு தோட்டமும் தனக்குள் முடிவுற்ற ஓர் உலகம்: மேட்டில் துரையின் பங்களா, ஓரிடத்திற் தொழிற்சாலை, வேறோரிடத்திற் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களாக நீளும் லயங்கள். தனியார் உடைமை என்ற ஒன்றே அங்கு வலயச் சட்டமாகத் தொழிற்பட்டது. தோட்டத்துப் பாதையும் தோட்டத்துக்கே உரியது. அனுமதியின்றி அதிற் கால்வைப்பவன் அத்துமீறியவனாகக் கருதப்பட்டான். தொழிலாளி தன் உறவினரை வரவேற்பதற்குக்கூட நிருவாகத்தின் இசைவை எதிர்நோக்க வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்நிலையாக வளர்ந்தவையே ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற கடைவீதிகள். மலைமுகடும் சரிவும் அகலத்தை அனுமதிக்காமையால் இவை பெரும்பாலும் ஒரே வீதியின் இருமருங்கிலும் நீண்டன. கீழே கடை, மேலே அல்லது பின்னே குடும்பம் என்ற அமைப்பு தேவையினாலேயே உருவாயிற்று. சம்பள நாளில் மலையிறங்கி நடந்துவந்த தொழிலாளி புடவை வாங்கினான், நகையை அடகுவைத்தான், ஊருக்குக் காசுக்கட்டளை அனுப்பினான், தேநீர்க் கடையில் இருந்து பிறர் வாசித்த செய்தித்தாளைக் கேட்டான். சுரண்டல் இங்கும் இருந்தது. கடனும் வட்டியும் தோட்ட எல்லையோடு முடிந்துவிடவில்லை. எனினும் ஒரு தோட்டத்தான் மற்றொரு தோட்டத்தானைத் துரையின் இசைவின்றிச் சந்திக்கக்கூடிய பொதுவெளியாகக் கடைவீதியே விளங்கிற்று.

இதன் அரசியல் முக்கியத்துவத்தைக் கோ. நடேசையரின் இயக்கம் நன்கு காட்டுகின்றது. தோட்டத்துள் நுழைவது தடுக்கப்பட்டிருந்தமையால் அவர் புடவை வியாபாரி வேடத்தில் உட்சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். 1931இல் அவர் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் ஹற்றன் நகரைத் தளமாகக் கொண்டது. அவரது துணைவியார் மீனாட்சியம்மையின் பாடல்களும் தொழிலாளரைத் திரட்டும் கருவிகளாயின. உற்பத்தி தோட்டத்தில் நடைபெற்றது. உற்பத்தி செய்தோர் தம்மை ஒரு வர்க்கமாக இனங்காண்பதற்குக் கடைவீதியும் களமாயிற்று.

நுவரெலியாவின் வரலாறு வேறுபட்டது. ஐரோப்பியரின் ஓய்வுத்தலமாக அது வளர்க்கப்பட்டது. 1870களில் கிறகரி ஏரி, 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் கழகம் என அரிதான சமதரை உல்லாசத்துக்கு ஒதுக்கப்பட்டது. மான்செஸ்டரின் பெருவீதிகளில் வரிசையாக நின்ற கடைகள், அவற்றின் பின்னிருந்த தொழிலாளர் குடியிருப்புகளைச் செல்வந்தரின் கண்ணிலிருந்து மறைத்ததை எங்கெல்ஸ் 1845இல் எடுத்துக்காட்டினார். நுவரெலியாவில் அம்மறைப்பைத் தேயிலையின் பசுமை செய்தது. அழகான நகரம் என்ற புகழுக்கும், அதைச் சூழ்ந்த லயங்களின் நிலைக்கும் இடையிலான தொடர்பு பேசப்படாமற் போனமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சட்டம் இப்பிரிவினையை மேலும் இறுக்கிற்று. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வீதிக்கோட்டையும் கட்டட அனுமதியையும் உள்ளூர் அதிகாரசபையிடம் கையளித்தது. ஆனால் 1937ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்குரிமையை மறுத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் நாடாளுமன்ற வாக்கையும் பறித்தன. 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, அதன் 33ஆம் பிரிவு விளங்கிக்கொள்ளப்பட்ட விதத்தில், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாயிற்று. நாடற்றவர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தபின்னரும் இத்தடை நீடித்தது. 2018இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய பெரும் பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிந்து செயற்படத் தொடங்கின.

வலயமாக்கல் விதி நகர எல்லைக்குள் நின்றே சிந்திக்கிறது. ஹற்றன் கடைவீதியை நிறைப்போரில் கணிசமானோரோ எல்லைக்கு வெளியே, தோட்டத்தில் வாழ்பவர்கள். அவர்கள் அந்நகர சபையின் வாக்காளர்கள் அல்லர். எனினும் அவர்களது காசிலேயே கடைகள் நடக்கின்றன. அவிசாவளையிலிருந்து நுவரெலியா செல்லும் நெடுஞ்சாலையும் இதே வீதியாக இருப்பதால், வாகனமும் மனிதனும் ஒடுங்கிய ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றனர். சிவனொளிபாத மலைப் பருவத்தில் இந்நெருக்கடி பன்மடங்காகிறது. இந்நிலையில் ‘நடைபாதையை விடுவித்தல்’ என்பது நடைபாதை வியாபாரியை அகற்றுவதாக மட்டும் பொருள்கொள்ளப்படுமாயின், தோட்டத்திலிருந்து மரக்கறிக் கூடையோடு வரும் பெண்ணே முதற் பலியாவாள்.

ஆகவே, மலையகத்துக்கான விதி நடைபாதையை நகர எல்லையோடு நிறுத்தாமல் லயத்து வாயில்வரை கொண்டுசெல்ல வேண்டும். தோட்டப் பாதையைப் பொதுவழியாக்குதல், சிறுவியாபாரிக்கு உரிய இடத்தை விதியிலேயே ஒதுக்குதல், நகர சபையும் பிரதேச சபையும் கூடித் திட்டமிடுதல், தோட்ட மக்களுக்குக் காணியுரிமை வழங்குதல் என்பன ஒன்றோடொன்று இணைந்தவை. காணியுரிமை இல்லாதவன் தன் வீட்டு முகப்பில் ஒரு சிறு கடையைத்தானும் சட்டப்படி திறக்க இயலாது. கலப்புப் பயன்பாடு என்ற தத்துவம் தோட்டத்துள் நுழையாதவரை, நகரத்தில் அது கடைச் சொந்தக்காரரின் நலனை மட்டுமே பேணும் விதியாகச் சுருங்கிவிடும்.