சாலை திரும்பிப் போன ஊர்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. கூட்டமெல்லாம் குன்னூர் வழியில்தான். கோத்தகிரி வழியில் ஏறுகிறவர்களிலும் பலர் அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். அந்த நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு படுகர் ஹட்டி (கிராமம்) இருக்கிறது. பெயர் கன்னேரிமுக்கு. சுற்றிலும் தேயிலைச் சரிவு, பறித்த பச்சைத் தேயிலையை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகள். இவற்றுக்கு நடுவே, சிவப்பு வண்ணம் பூசிய ஒரு மாடி வீடு.

நீலகிரியில் வெள்ளைக்காரர் கட்டிக்கொண்ட முதல் வீடு இதுதான் என்கிறார்கள். ஆண்டு 1819. ஊட்டி என்ற நகரம் அப்போது இல்லவே இல்லை.

1799-ல் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூர்ச் சீமையோடு இந்த மலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆனால் மேலே என்ன இருக்கிறது என்பது கீழே இருந்த துரைகளுக்குத் தெரியவில்லை. 1812-ல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர், மக்மஹன் என்ற உதவியாளரோடு ஏறிப் பார்த்து அறிக்கை எழுதினார். அவர்கள் கிளம்பிய தண்ணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்கு அடியில் கிடக்கிறது. அறிக்கை கோப்பில் தூங்கியது. 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் மலையேறித் திரும்பி, மேலே ஐரோப்பாவைப் போலக் குளிர்கிறது என்று சொன்ன பிறகுதான் கலெக்டர் ஜான் சலிவனுக்கு ஆசை பிறந்தது.

மறு ஆண்டே அவர் ஏறினார். கூடவே பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோவும் வந்தார். சமவெளிக் காய்ச்சலில் நொந்து போயிருந்த அந்த மனிதர் மலைக்காற்றில் தேறியது சலிவனுக்கு நல்ல விளம்பரமாயிற்று.

சலிவன் மலையேறியதைக் ‘கண்டுபிடிப்பு’ என்று பள்ளிப் புத்தகங்கள் எழுதும்போது படுகர் பெரியவர்கள் சிரிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். படுகர் ராகியும் சாமையும் விளைவித்தார்கள். கோத்தர் இரும்படித்துக் கொடுத்தார்கள், சாவு வீட்டுக்கு இசையும் வாசித்தார்கள். தோடர் எருமை வளர்த்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். ஒருவர் விளைச்சல் இன்னொருவர் வீட்டுக்குப் போகும் இந்த ஏற்பாடு துரைகள் வருவதற்கு வெகு காலம் முன்பே நடந்துகொண்டிருந்தது. 1603-லேயே ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலபாரிலிருந்து ஏறி வந்து தோடரையும் படுகரையும் பார்த்துக் குறிப்பு எழுதிவிட்டார்.

கன்னேரிமுக்கில் சலிவன் வீடு கட்டியாயிற்று; பாதை வேண்டுமே. 1821-ல் மக்ஃபர்சன் என்ற படை அதிகாரி சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் வழி வெட்டத் தொடங்கினார், 1823-ல் முடித்தார். அந்தச் சில ஆண்டுகள் மலையின் வாசல் இந்தப் பக்கம்தான்.

சலிவனின் மனமோ அதற்குள் மேற்கே ஊட்டிப் பக்கம் போய்விட்டது. 1822-ல் தோடர் நிலத்தில் ‘ஸ்டோன் ஹவுஸ்’ எழும்பத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘கல் பங்களா’. நிலத்துக்கு ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்தாராம். பின்னாளில் தோடரின் நில உரிமைக்காகச் சென்னை அரசோடு மல்லுக்கட்டியவரும் இதே சலிவன்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊட்டி ஏரியும் அவர் வெட்டியதே. கல் பங்களாவில் இப்போது அரசு கலைக் கல்லூரி நடக்கிறது.

1830-களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை திறந்தது. வண்டியும் ஆளும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 1899-ல் ரயில் வந்தபோது அதுவும் குன்னூருக்குத்தான் ஏறியது, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. கோத்தகிரிக்குத் தண்டவாளம் கிடைக்கவேயில்லை. ஆனாலும் காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் குடும்பம் இங்கே தங்கி முதலில் காப்பி பயிரிட்டது. 1863 வாக்கில் அந்த வீட்டுப் பெண் ஒருவர் ஆல்போர்ட்ஸ் தோட்டத்தில் தேயிலை நட்டார். இன்று பார்வையாளர் தேடிப் போகும் கேத்தரின் அருவியின் பெயரும் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவரின் பெயர்தான் என்பார்கள்.

சலிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயக் கல்லறையில் இருக்கிறார்கள். 1841-ல் இந்தியாவை விட்டுப் போன சலிவன் 1855-ல் இங்கிலாந்தில் இறந்தார். கன்னேரிமுக்கு வீடு மெல்லச் சிதைந்தது. 2000-களின் தொடக்கத்தில்தான் அதைச் செப்பனிட்டு நினைவகமாக்கினார்கள். உள்ளே பழைய படங்களும் மலைமக்கள் புழங்கிய பொருள்களும் இருக்கின்றன.

கோடைக் கூட்ட நாட்களில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடும். அப்போது சலிவன் வழி வெட்டுவித்த மலைப்பக்கத்தில் ஹாரன் சத்தம் ஓயாது. வரிசையில் நிற்கும் கார்களில் ஒன்றிரண்டு மட்டும் பலகையைப் பார்த்துவிட்டு கன்னேரிமுக்குப் பக்கம் ஒடித்துத் திரும்பும்.