அடையாள அட்டையும் வன்பொருள் முகவரியும்



1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே 12 வயது நிரம்பிய அனைவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அட்டையின்றி வாயிலைக் கடந்து பால் மரம் வெட்டப் போக இயலாது என என் பாட்டனார் கூறுவார்.

அண்மையில் ஈப்போவில் ஒரு தாயார், "சார், எங்கள் வைஃபையில் தெரியாத கருவி ஒன்று இணைந்துள்ளதே!" என்று கலங்கியபோது அவ்வட்டையே நினைவுக்கு வந்தது.

1973-இல் செராக்ஸ் ஆய்வகத்தில் பிறந்த ஈதர்நெட்டுக்கு, 1980-இல் வெளியான வரையறை 48 இருமங்கள் கொண்ட வன்பொருள் முகவரியை வகுத்தது. அதை 12 இலக்கங்களாக எழுதுவர். முதல் ஆறு இலக்கங்கள் பொதுவாகத் தயாரிப்பாளரைக் குறிக்கும். கைப்பேசியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் அதைக் காணலாம். வீட்டுக் கருவிகளின் முகவரிகளைக் குறித்துக்கொண்டு ரௌட்டரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஆயினும், அட்டையில் முகமும் ரேகையும் இருந்தன; இங்கு எண் மட்டுமே உண்டு. அது காற்றில் மறைப்பின்றிச் செல்வதால் பிறர் எளிதில் போலி செய்யலாம். மேலும், 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதல் பல கைப்பேசிகள் தாமே மாற்று முகவரி காட்டுகின்றன. அத்தாயார் அஞ்சிய அந்நியர், அவர் மகனின் புதிய கைப்பேசியே!

ஆகவே, நீண்ட கடவுச்சொல்லும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 மறையாக்கமுமே வேலி. முகவரிப் பட்டியல் வெறும் வருகைப் பதிவேடு. பதிவேடு திருடனைத் தடுக்காது.