கனடாவின் குற்ற விசாரணை: யாருக்கு என்ன பொறுப்பு, விதிகள் எங்கிருந்து வந்தன

கனடாவின் குற்ற விசாரணை முறை இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபில் வேர்கொண்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியே. மெய்ப்பிக்கும் சுமை அரசுடையது. ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே. இந்த மூன்றும் இந்திய வாசகருக்கும் பழகியவை. ஆனால் இன்று அங்கு நடைமுறையில் உள்ள முக்கியமான விதிகள் சில, அந்நாட்டின் பூர்வகுடி மக்கள் நீதிமன்றங்களில் அநீதிக்கு ஆளான பிறகே உருவாயின. அந்த விதிகளை அவற்றின் பின்னுள்ள வழக்குகளோடு சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் பொருளும் எல்லையும் விளங்கும்.

சட்டமும் நீதிமன்றங்களும்

1867 ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம், குற்றவியல் சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒன்றிய நாடாளுமன்றத்திற்கு அளித்தது. நீதி நிர்வாகத்தை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. ஆகவே நாடு முழுமைக்கும் ஒரே குற்றவியல் சட்டத்தொகுப்புதான். ஆனால் பெரும்பாலான வழக்குகளை நடத்துபவர்கள் மாகாண அரசின் வழக்கறிஞர்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது 1982 ஆம் ஆண்டின் உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் சாசனம். வழக்கறிஞரை அணுகும் உரிமை, தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை, மொழிபெயர்ப்பாளர் பெறும் உரிமை ஆகியவை அதில் எழுதப்பட்டுள்ளன.

குற்றங்கள் மூவகை: சுருக்கமாக விசாரிக்கப்படும் சிறு குற்றங்கள், முறையான குற்றப்பத்திரிகையின்மீது விசாரிக்கப்படும் கடுங்குற்றங்கள், அரசுத்தரப்பு இவ்விரு வழிகளில் ஒன்றைத் தெரிவுசெய்யத்தக்க குற்றங்கள். கடுங்குற்றங்கள் பலவற்றில், மாகாண நீதிமன்ற நீதிபதியா, உயர்நிலை நீதிமன்ற நீதிபதி மட்டுமா, நீதிபதியுடன் ஜூரியா என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே தேர்ந்தெடுக்கலாம். கொலை வழக்கு உயர்நிலை நீதிமன்றத்திற்கே உரியது. இரு தரப்பும் இசைந்தாலன்றி அதை ஜூரியே விசாரிக்கும்.

கைது முதல் விசாரணை வரை

காவலில் வைக்கப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள், அல்லது இயன்ற அளவு விரைவாக, நீதித்துறை அலுவலர் முன் நிறுத்த வேண்டும். பிணை வழங்குவது பொது விதி. மறுப்பதற்கே காரணம் காட்ட வேண்டும். 2019 இல் வந்த திருத்தம், பிணை குறித்து முடிவெடுக்கும்போது பூர்வகுடி மக்களின் சூழ்நிலைக்கும், பிணை பெறுவதில் பின்தங்கிய நிலைக்குத் தள்ளப்பட்ட பிற மக்களின் சூழ்நிலைக்கும் தனிக் கவனம் செலுத்துமாறு பணிக்கிறது. நிலையான முகவரியும் பிணை நிற்க ஆளும் இல்லாதவர் வறுமையின் பொருட்டே சிறையில் கிடக்கும் நிலையை இந்தத் திருத்தம் கருத்தில் கொண்டுள்ளது.

பிணைக்குப் பின் வருவது ஆவணங்களை வெளிப்படுத்தும் கட்டம். வழக்குக்குத் தொடர்புடைய எல்லாத் தகவலையும், தனக்கு எதிரானதாக இருப்பினும், அரசுத்தரப்பு எதிர்த்தரப்பிடம் கொடுத்தாக வேண்டும். இக்கடமையை உச்ச நீதிமன்றம் 1991 இல் ஸ்டின்ச்கோம்ப் வழக்கில் வகுத்தது. அத்தீர்ப்பு முன்னிறுத்திய அவலம் டொனால்டு மார்ஷலுடையது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் சிட்னி நகரில் 1971 இல் சாண்டி சீல் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டார். மிக்மா இனத்தைச் சேர்ந்த 17 வயது மார்ஷல்மீது பழி விழுந்தது. சாட்சிகள் காவல்துறையிடம் முதலில் அளித்திருந்த முரண்பட்ட வாக்குமூலங்கள் அவருடைய வழக்கறிஞர்களின் கைக்கு வரவேயில்லை. செய்யாத கொலைக்காக அவர் 11 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1983 இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றார். நீதி அமைப்பு ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் அவரைக் கைவிட்டது என்றும், அவர் பூர்வகுடியாக இருந்தது அதற்கு ஒரு காரணம் என்றும் அரச விசாரணை ஆணையம் பின்னர் முடிவுசெய்தது.

காலத்திற்கும் எல்லை உண்டு. 2016 ஆம் ஆண்டின் ஜோர்டன் தீர்ப்பின்படி, வழக்கு மாகாண நீதிமன்றத்தில் 18 மாதங்களுக்குள்ளும், உயர்நிலை நீதிமன்றத்தில் 30 மாதங்களுக்குள்ளும் முடிய வேண்டும். எதிர்த்தரப்பால் நேர்ந்த தாமதம் இதில் சேராது. வரம்பு மீறப்பட்டு, அரசுத்தரப்பு தக்க காரணமும் காட்டாவிட்டால் வழக்கு நிறுத்தப்படும். அந்நிலையில் பாதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பே கிடைக்காமல் போகும்.

மன்றத்தில் இருப்போர்

நீதிபதி சட்டக் கேள்விகளைத் தீர்மானிக்கிறார், எந்தச் சாட்சியம் ஏற்கத்தக்கது என்று முடிவுசெய்கிறார், தண்டனை விதிக்கிறார். ஜூரி இல்லாத வழக்கில் உண்மை எது என்பதையும் அவரே காண்கிறார்.

அரசுத்தரப்பு வழக்கறிஞர் மன்னரின் பெயரால் வழக்கு நடத்துகிறார். அவர் காவல்துறையின் வழக்கறிஞரும் அல்லர், பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞரும் அல்லர். வெற்றி தோல்வி என்ற எண்ணத்திற்கே அவர் பணியில் இடமில்லை என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டுமே கடமைப்பட்டவர். ஆனால் நீதிமன்றத்தை ஏமாற்றக் கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் கூண்டேறிச் சாட்சி சொல்லலாம், மௌனமாகவும் இருக்கலாம். அந்த மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

புகார்தாரர் வழக்கின் தரப்பினர் அல்லர். அவர் ஒரு சாட்சி. பாலியல் குற்ற வழக்குகளில் அவருடைய கடந்த காலத்தையோ தனிப்பட்ட ஆவணங்களையோ கேட்டு விண்ணப்பம் வந்தால் மட்டும், தமக்கென வழக்கறிஞரை வைத்து எதிர்வாதம் செய்யலாம். தண்டனைக்கு முன், தமக்கு நேர்ந்த பாதிப்பை அறிக்கையாக மன்றத்தில் வைக்கும் உரிமை பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்டு.

மன்ற எழுத்தர் குற்றச்சாட்டைப் படிக்கிறார், சாட்சிகளுக்கு உறுதிமொழி செய்விக்கிறார். பல நீதிமன்றங்களில் பூர்வகுடியினர் கழுகு இறகைக் கையில் ஏந்தி உறுதிமொழி ஏற்கலாம். மொழிபெயர்ப்பு தொடர்ச்சியாகவும் துல்லியமாகவும் நடுநிலையோடும் உடனுக்குடனும் அமைய வேண்டும் என்று 1994 ஆம் ஆண்டின் டிரான் தீர்ப்பு கூறுகிறது. டொராண்டோ பகுதியில் ஆங்கிலம் அறியாது நீதிமன்றம் ஏறும் ஈழத் தமிழருக்கும் இது பொருந்தும்.

பன்னிரண்டு நாற்காலிகள்

இந்தியக் குற்ற வழக்குகளில் 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு மறைந்த ஜூரி முறை, கனடாவில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. பொதுமக்களிலிருந்து தெரிவாகும் 12 பேர் ஒருமனதாகத் தீர்ப்பளிக்க வேண்டும். அவர்கள் காரணம் கூறுவதில்லை. தங்களுக்குள் பேசியதை வெளியிடுவது குற்றம். காரணம் கேட்க இயலாத தீர்ப்பு என்பதால், அந்த நாற்காலிகளில் அமர்பவர் யார் என்பதே பெரிய கேள்வியாகிறது.

ஜூரி உறுப்பினராக வரக்கூடியவரிடம் இனவெறுப்பு உண்டா என்று கேட்டறியும் உரிமையை, பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், 1998 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயினும் காரணம் சொல்லாமலே ஒருவரை நிராகரிக்கும் அதிகாரம் இரு தரப்புக்கும் அப்போது இருந்தது. 2016 ஆகஸ்டில் சஸ்காச்சுவான் மாகாணத்தில், 22 வயது க்ரீ இளைஞர் கோல்டன் பூஷி ஒரு பண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பூர்வகுடியினராகத் தோன்றியவர்கள் இந்த அதிகாரத்தால் ஜூரித் தெரிவில் விலக்கப்பட்டனர் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். 2018 பிப்ரவரியில் பண்ணை உரிமையாளர் விடுவிக்கப்பட்டார். சட்டப் பிழை இருந்தால் விடுதலையை எதிர்த்தும் மேல்முறையீடு செய்ய கனடாவில் இடமுண்டு, அரசுத்தரப்பு செய்யவில்லை. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2019 இல் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தை நீக்கியது. அந்த நீக்கம் செல்லும் என 2021 இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் பட்டியலிலேயே பெயர் இல்லாதவரை நாற்காலியில் அமர்த்த முடியாது. ஒண்டாரியோவின் ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்வோர் ஜூரிப் பட்டியலில் மிகக் குறைவாக இருந்தது பற்றிய கோகோபெனஸ் வழக்கில், அரசு நியாயமான முயற்சி எடுத்தாலே போதும், விகிதாச்சாரப் பங்கு உரிமையாகாது என்று 2015 இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

தண்டனை

சிறையல்லாத வழிகள் அனைத்தையும், குறிப்பாகப் பூர்வகுடி மக்களின் சூழலைக் கருதி, நீதிபதி ஆராய வேண்டும் என்கிறது 1996 இல் நடைமுறைக்கு வந்த விதி. 1999 இல் கிளாடூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிரூட்டியது. குற்றவாளியின் குடும்பத்தையும் சமூகத்தையும் சிதைத்த வரலாற்றை விவரிக்கும் தனி அறிக்கைகள் அதன் பின்னரே பரவலாயின. இருந்தும், மக்கள்தொகையில் சுமார் 5 விழுக்காடாக உள்ள பூர்வகுடியினர் ஒன்றியச் சிறைகளில் 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாகச் சிறைக் கண்காணிப்பு அதிகாரி 2020 ஜனவரியில் அறிவித்தார்.

கனடாவின் நடைமுறையிலிருந்து பாடம் கற்க விரும்புவோர் இந்த எண்ணையும் விதிகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆவணம் மறைக்கப்பட்டதை மார்ஷலும், ஜூரித் தெரிவின் அநீதியைப் பூஷியின் உறவினரும் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததால்தான் சட்டம் அசைந்தது. பட்டியலில் இடம், பிணைக்கு ஆள், தரமான அறிக்கை எழுத நிதி ஆகியவை கிட்டாத வரை, எழுதப்பட்ட விதி மன்றத்தின் வாசலைத் தாண்டுவது கடினம்.