கோட்டை என்னும் மேடை

வேல்ஸின் வடமேற்குக் கரையில் இருக்கிறது கெர்னார்வன் கோட்டை. அதன் முற்றத்தில் சிலேட்டுக் கல்லால் ஆன ஒரு வட்ட மேடை. 1969 ஜூலை 1 அன்று ராணி எலிசபெத் தன் மகன் சார்லஸுக்கு ‘வேல்ஸ் இளவரசர்’ என முடி சூட்டிய இடம் அது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு எழுநூறு வருஷமாக அங்கே நடந்துவருகிற சடங்கு மாதிரித் தோன்றியிருக்கும். அப்படி ஒண்ணும் இல்லை. கோட்டைக்குள் அது நடந்தது ரெண்டே தடவை. முதல் தடவை 1911இல்.

1282 டிசம்பரில் வேல்ஸின் இளவரசன் லிவெலின் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டே இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் இந்தக் கோட்டையைத் தொடங்கினான். கூடவே மதில் சூழ்ந்த ஒரு நகரம். அதில் குடியேற இங்கிலாந்துக்காரர்கள். வெல்ஷ்காரர்கள் அங்கே நிலம் வாங்கக் கூடாது, வியாபாரம் செய்யக் கூடாது என்று பின்னால் சட்டமும் வந்தது.

எட்வர்டுக்கு நிலம் மட்டும் போதவில்லை, கதையும் வேண்டியிருந்தது. ரோமப் பேரரசன் மாக்சென் கனவில் கண்ட கோட்டை இந்த ஊரில்தான் என்பது வெல்ஷ் பழங்கதை. 1283இல் மாக்செனின் உடல் இங்கே கிடைத்ததாகச் சொல்லி மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பலகோணக் கோபுரங்கள், நிறம் மாறி மாறி வரும் கல்வரிசை, உச்சியில் கல் கழுகுகள் என்று கட்டடத்திலும் ரோமப் பேரரசின் சாயல். தோற்றவர்களின் கதையை ஜெயித்தவன் தன் சுவரில் எழுதிக்கொண்டான். 1294இல் மாடோக் தலைமையில் கிளர்ந்தவர்கள் உள்ளே நுழைந்து தீ வைத்தது சும்மா இல்லை.

1911 விழாவுக்கு முன்னின்றவர் லாயிட் ஜார்ஜ். வெல்ஷ் பேசி வளர்ந்தவர், அப்போது பிரிட்டனின் நிதியமைச்சர். நாம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். தன் ஜனங்களை அடக்கக் கட்டிய கோட்டையை மண்ணின் மைந்தரே மேடையாக்கிக் கொடுத்தார். ஆதிக்கத்துக்கு உள்ளூர்க் கைகள் எப்போதும் தேவைப்படுகின்றன.

1969இல் எதிர்ப்பு வலுத்தது. விழாவுக்கு முந்தின இரவு அபெர்கெலே ஊரில் குண்டு வெடித்து அதைக் கொண்டுபோன இருவரே செத்தார்கள். சில நாள் கழித்து கெர்னார்வனில் வேறொரு குண்டு வெடித்துப் பத்து வயதுப் பையன் படுகாயமடைந்தான். எதிர்ப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பையனை விட்டுவிட்டு எழுத முடியாது.

எட்வர்ட் எடுத்துக்கொண்ட கதையை மீட்டது ஒரு பாட்டு. 1969 விழாவைக் கேலி செய்து பாடிய டாவித் இவான், 1983இல் ‘இன்னும் இங்கேதான் இருக்கிறோம்’ என்ற பொருளில் ஒரு பாட்டுக் கட்டினார். அதிலும் மாக்சென் வருகிறான், இம்முறை வெல்ஷ் மக்களின் ஆளாக. 2022 கால்பந்து உலகக் கோப்பைக்கு வேல்ஸ் அணி அதையே தன் பாட்டாக்கியது. அதே ஆண்டு வில்லியமுக்கு இளவரசர் பட்டம் வந்தபோது கோட்டையில் விழா எதுவும் அறிவிக்கப்படவில்லை.

கோட்டை இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம். ஒரு காலத்தில் வெல்ஷ்காரர்களை விலக்கிவைத்த அதே ஊரில், இன்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெல்ஷ் பேசுகிறார்கள். கோட்டையின் வரலாற்றை அந்தத் தெருவிலிருந்தும் எழுதலாம்.